காற்றின் தூய்மையை மரப்பட்டையில் கண்டவர்

ஆறுமுகநேரிப் பக்கத்து மாமரங்களின் பட்டையில் சாம்பல் நிறத் திட்டுகளைக் கண்டு மரத்துக்கு நோய் என்பாருண்டு. நோயன்று அது. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழையும் காற்றும் தருவதை ஏற்றே வாழ்வதால், காற்று கெட்டால் முதலில் மடிவதும் அதுவே.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்திய பேரறிஞர் வில்லியம் நைலாண்டர். 1822இல் பின்லாந்தின் ஊலு நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்றார். 1857இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். 1863இல் பதவி துறந்து பாரிசில் குடியேறினார்.

அங்கு லக்சம்பர்க் பூங்கா மரங்களில் முப்பதுக்கு மேற்பட்ட லைக்கன் இனங்களைக் கண்டார். நகரின் பிற பகுதிகளில் அவை அருகியிருந்தன. காற்றின் தூய்மைக்கு லைக்கனே அளவுகோல் என 1866இல் எழுதினார். 1896இல் அப்பூங்காவிலும் அவை அற்றுப்போயின.

ஆயினும், லைக்கன் இரு உயிர்களின் கூட்டு எனச் சுவிஸ் அறிஞர் சுவெண்டனர் 1867இல் கூறியதை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. நண்பர்கள் பலரும் விலகிட, தனிமையில் 1899இல் மறைந்தார். இலங்கை லைக்கன்களைப் பற்றிய அவரது ஆய்வு மறுஆண்டு வெளிவந்தது.

கொள்கையில் அவர் தவறினும் கண்கள் தவறவில்லை. உப்பளக் காற்று வீசும் நம்மூர் மரங்களையும் ஆண்டுதோறும் அவ்வாறு பார்த்துக் குறித்து வைப்பது தாவரவியல் மாணவராகிய நம் கடன்.