மாலுமிகளின் ஆசான் இப்னு மாஜித்

மாலுமி என்பது நம் கடற்கரைக்கு அரபு மொழி தந்த சொல். முஅல்லிம் என்றால் ஆசிரியர் என்று பொருள். கப்பலை வழிநடத்துவோரையும் அரபியர் அப்பெயராலேயே அழைத்தனர். அதுவே தமிழில் மாலுமி ஆயிற்று. அத்தகைய ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராக விளங்கியவர் அஹ்மத் இப்னு மாஜித்.

பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய ராஸ் அல் கைமாவாகிய ஜுல்ஃபாரில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களே. செங்கடல் வழியைத் தந்தையார் பாட்டாகவே பாடி வைத்திருந்தார். மகனும் 1462இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் 'ஹாவியா' என்னும் நூலை யாத்தார். மருத்துவத்தையும் நிகண்டையும் செய்யுளில் கற்ற நமக்கு இதில் வியப்பில்லை. புயலிரவில் ஏடு புரட்ட இயலுமா? நெஞ்சில் நிற்பது பாட்டன்றோ! 1490இல் எழுதிய உரைநடை நூலான 'ஃபவாயித்' அவருடைய பட்டறிவின் திரட்சி.

இன்றைய இயற்பியல் நூல்கள் இயக்கத்தை விளக்கப் புகும்போது இடம், இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம் என்று தொடங்குகின்றன. இவற்றை நாள்தோறும் கணக்கிட்டு, அக்கணக்கின்மேல் உயிரை வைத்து வாழ்ந்தவர் இப்னு மாஜித். கரை மறைந்த கடலில் மைல்கல் ஏது? துருவ விண்மீன் தொடுவானுக்கு மேல் எத்தனை விரல் உயரம் என்று, முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையால் அளந்தனர். ஒரு விரல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். அதில் எட்டில் ஒரு பங்கு ஒரு ஸாம். அது மூன்று மணி நேர ஓட்டம். எனவே ஒரு பகலும் ஓர் இரவும் நேர் வடக்கே ஓடினால் விண்மீன் ஒரு விரல் உயரும். காலத்தையும் தொலைவையும் ஒரே அளவையில் பிணைத்த நுட்பம் இது. கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 4 கடல்மைல் வேகம் கிடைக்கும்.

தூத்துக்குடித் தோணி கொழும்புக்குச் செல்வதை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடி 8 பாகை 48 கலை வட அகலாங்கிலும், கொழும்பு 6 பாகை 56 கலையிலும் உள்ளன. தெற்கு நோக்கிய இறக்கம் சுமார் 112 கடல்மைல், அதாவது ஒன்பது ஸாம். ஆனால் கொழும்பு நேர் தெற்கில் இல்லை. ஏறக்குறையத் தென்கிழக்கில் உள்ளது. ஆகவே ஓட வேண்டிய தொலைவு சுமார் 150 கடல்மைல், பன்னிரண்டு ஸாம். விண்மீன் சொல்வது தென்வடல் கூற்றினை மட்டுமே. சாய்ந்து ஓடுபவன் கூடுதலாக ஓட வேண்டும். திசைக்குத் திசை இக்கூடுதல் எவ்வளவு என்பதை அரபு மாலுமிகள் திர்ஃபா என்னும் அட்டவணையாக வகுத்திருந்தனர். திசையின்றித் தொலைவு மட்டும் சொன்னால் இடம் விளங்காது என்பதை மாணவர்க்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வேகம் அறிய முகப்பிலிருந்து மரத்துண்டை நீரில் இட்டு, அது பின்னணியத்தை அடையும் நேரத்தைப் பார்ப்பது பழைய வழக்கம். அது நீரைச் சார்ந்த வேகமே. நீரோட்டம் கப்பலையும் துண்டையும் சேர்த்தே இழுத்துச் செல்லும். நீரோட்டத்தைக் கணக்கில் கொள்ளாத மாலுமி, ஓடிய தொலைவைச் சரியாகச் சொல்லியும் பாறையில் மோதுவான்.

இனி, இவர்மீது சுமத்தப்பட்ட பழிக்கு வருவோம். 1498இல் வாஸ்கோடகாமாவுக்கு மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜிதே என்று பலரும் எழுதினர். அவ்வழியே வந்த போர்ச்சுகீசியர் பின்னர் முத்துக்குளித்துறையையும் கைக்கொண்டனர். 1538இல் வேதாளையில் மரக்காயர் படை தோற்றது. ஆதலின் இப்பழி நம் கரைக்கும் அயலானதன்று. இதற்கு ஆதாரம், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலியின் வரலாற்றுக் குறிப்பே. போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்களோ அவ்வழிகாட்டியைக் குஜராத்தி என்கின்றனர். 'ஃபவாயித்' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1971இல் வெளியிட்ட திப்பெட்ஸும் இப்பழியை ஏற்கவில்லை. ஜுல்ஃபாரில் பிறந்தவரைக் குஜராத்தி என்று கொள்ள இடமில்லை என்பதே என் துணிபு.

1500ஐ ஒட்டிய பாடலுக்குப் பின் அவர் குரல் கேட்கவில்லை. 1554இல் துருக்கியத் தளபதி சீதி அலி தம் கடல்நூலை இவர் நூல்களைக் கொண்டே அகமதாபாத்தில் எழுதினார். அதற்கும் முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1854இல் ஏடனிலிருந்து கப்பலேறிய ரிச்சர்டு பர்ட்டன், மாலுமிகள் ஷைகு மாஜிதின் பெயரால் ஃபாத்திஹா ஓதியதைக் குறித்து வைத்தார். திசைகாட்டியைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்பது அம்மாலுமிகளின் நம்பிக்கை. திசைகாட்டியோ அவர் பிறப்பதற்கு முன்பே கப்பல்களில் இருந்தது.