நூறு பிள்ளைகளின் தகப்பன்

ஊரார் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு முழத் துணியும் கொடுத்துவிட்டால் உடல் வளர்ந்துவிடும், தோழர்களே! ஆனால் தாயைப் பறிகொடுத்து, தந்தையை இழந்து, பசியைப் பார்த்து, அடியை வாங்கி, பிறகு யார் வீட்டு வாசலிலோ வந்து நிற்கிறதே ஒரு பிஞ்சு — அதன் உள்ளத்திலே இருக்கும் புண்ணை யார் பார்க்கிறார்கள்? பொய் சொல்கிறது என்கிறோம். திருடுகிறது என்கிறோம். எவரிடமும் ஒட்டாத கல்நெஞ்சு என்கிறோம். அண்ணன் பிள்ளையை, அக்காள் பிள்ளையை எடுத்து வளர்க்கும் வீடுகளிலே இப்பேச்சைக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்?

அந்தப் புண்ணைப் பார்த்த ஒருவர் போலந்து நாட்டிலே வாழ்ந்தார். டாக்டர், எழுத்தாளர், மணம் செய்துகொள்ளாதவர். யானுஷ் கோர்ச்சாக் என்று உலகம் அறியும். அது புனைபெயர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித்.

வார்சா நகரில், ஜாரின் ஆட்சிக் காலத்தில், 1878-லோ 1879-லோ பிறந்தார். தந்தை பதிவு செய்யாமல் காலம் கடத்திவிட்டதால் ஆண்டு உறுதியாகவில்லை. வசதியான யூதக் குடும்பம், தந்தை வழக்கறிஞர். ஆனால் தந்தையின் மனம் பேதலித்தது. மருத்துவமனைச் செலவிலே கைப்பொருள் கரைந்தது. 1896-ல் அவர் மறைந்தார். மாணவனாக இருந்த மகன் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தான். தந்தையின் நோய் தன்னையும் பிடிக்குமோ என்ற அச்சம் கடைசிவரை அவரை விடவில்லை. தமக்கென்று ஒரு பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவர். அப்படிப்பட்டவரைத்தான் நூறு பிள்ளைகள் தகப்பனாகக் கொண்டனர்!

மருத்துவம் படித்தார். குழந்தைகள் மருத்துவமனையிலே வேலை. செல்வரிடம் கொழுத்த கட்டணம் வாங்குவார். ஏழைகளிடம் பேருக்குச் சில காசு. பெயரும் புகழும் வந்தது. அதை உதறிவிட்டு, 1912-ல் குரோச்மால்னா தெருவிலே திறக்கப்பட்ட யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குத் தலைவரானார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்ற அம்மையார் உடனிருந்தார். பெயர் டாக்டருக்கு, பாடு பெரும்பாலும் அம்மையாருக்கு! இதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் 1919-ல், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக மரியா பால்ஸ்கா என்ற அம்மையார் தொடங்கிய இல்லத்துக்கும் துணை நின்றார்.

அந்த இல்லத்திலே என்ன புதுமை? பூட்டுள்ள இழுப்பறை! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. உடைந்த பொத்தான், கூழாங்கல், கிழிந்த படம் — பெரியவர்களுக்குக் குப்பை. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த பிள்ளைக்கோ, தனது என்று சொல்லிக்கொள்ள உலகத்திலே இருப்பது அவ்வளவுதான்! அதை எவரும் தொடக் கூடாது. விழுந்த பால் பல்லைக்கூட டாக்டர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்.

புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளை ஒன்று மூன்று மாதம் காவல். மிரளும் குழந்தையின் அச்சம், அதே அச்சத்தோடு வந்து நின்ற இன்னொரு குழந்தைக்குத்தானே தெரியும்? ஓயாமல் பொய் சொல்பவனை இன்றோடு நிறுத்து என்று அவர் அதட்டவில்லை. பந்தயம் கட்டினார்! வரும் வாரம் எத்தனை பொய் சொல்வாய், நீயே சொல், நீயே கணக்கு வை. சொன்னபடி நடந்தால் மிட்டாய். பொய்யனுடைய கணக்கை நம்புவதா என்று சிரிக்கலாம். அவர் நம்பினார்.

நீதிமன்றமும் இருந்தது. அந்த வாரம் வழக்கில் சிக்காத பிள்ளைகளிலிருந்து சீட்டுப் போட்டு ஐந்து நீதிபதிகள். சட்டத்தின் முதல் தொண்ணூற்றொன்பது விதிகளும் மன்னிப்புக்கும் விடுதலைக்குமே! பெரியவர்களையும் கூண்டில் ஏற்றலாம். ஒரு பையனின் காதில் அறைந்ததற்காகவும், ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகித்ததற்காகவும் டாக்டர் மீதே வழக்கு வந்தது. அரை ஆண்டிலே ஐந்து முறை! அடித்தவனைக் கேள்வி கேட்க இடமில்லாத உலகத்திலிருந்து வந்த பிள்ளை, அடித்த பெரியவர் நீதிமுன் நிற்பதைக் கண்ணால் கண்டது.

எல்லாமே சரியென்று நான் சொல்லவில்லை. சேர்ந்து ஓராண்டு வாழ்ந்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் வாக்களித்துத் தரம் வகுப்பார்கள். மிக உயர்ந்த பட்டம் எது தெரியுமா? தோழர்! கடைசிப் பட்டமோ தொல்லை தரும் புதியவன். ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளையை மேலும் நோகடிக்காதா இது? பதினான்கு வயதிலே இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதியும் பலரை இரண்டாம் முறை அநாதையாக்கியிருக்கும்.

ஆயினும் அடிப்படையை அவர் கண்டுபிடித்துவிட்டார். மாணவர்களுக்கு விரிவுரை. ஒரு சிறுவனை எக்ஸ்ரே திரைக்குப் பின்னே நிறுத்தினார். இருட்டு, முன்பின் அறியாத கூட்டம். திரையிலே சிறுவனின் இதயம் படபடவென்று துடிப்பதை எல்லாரும் கண்டனர். கோபத்திலே கை ஓங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே பாடம் — அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடிபட்ட, கைவிடப்பட்ட குழந்தை ஆபத்து நீங்கிய பின்னும் ஆபத்திலேயே வாழ்கிறது. அதன் முரட்டுத்தனம் பெரும்பாலும் அச்சத்தின் வேறு முகம். மாறாத ஒழுங்கும் நம்பத்தக்க ஒரு பெரியவருமே மருந்து என்று இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர் திரையிலே காட்டியது அதைத்தான்.

1934 முதல் வானொலியிலே வயதான டாக்டர் என்ற பெயரில் பேசினார். நாடே கேட்டது. யூதர் என்பதால் 1936-ல் அந்த வாயையும் மூடினார்கள்.

பிறகு வந்தது நாஜிப் படை. 1940-ல் இல்லம் முழுவதும் சுவருக்குள் அடைக்கப்பட்ட சேரிக்கு விரட்டப்பட்டது. பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்தார்கள். கேட்கப் போனவரைச் சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்து, மூட்டையைச் சுமந்து, வீடு வீடாக உணவு கேட்டுத் திரிந்தார்.

1942 ஜூலை 18. பசியால் ஒடுங்கிய அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். எது? நம் தாகூரின் தபால் நிலையம்! தத்துப் பிள்ளை அமல், நோயாளி, அறையிலே அடைபட்டவன், சன்னலருகே அமர்ந்து அரசனின் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். எழுதிய கவிஞர் முந்தைய ஆண்டுதான் மறைந்திருந்தார். வங்கத்திலே பிறந்த அமல், வார்சாவின் சுவருக்குள்ளே ஓர் அநாதைச் சிறுவனின் உருவிலே மீண்டும் காத்திருந்தான்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலே ஆணை வந்தது. ஏறத்தாழ 200 பிள்ளைகள் வரிசையாக ரயிலடிக்கு நடந்தனர். தப்ப வழி செய்கிறோம் என்று நண்பர்கள் முன்பே அழைத்தும் அவர் மறுத்துவிட்டார். அம்மையாரும் மறுத்துவிட்டார். கொடி பிடித்துச் சென்றார்கள், பாடிச் சென்றார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு, அவை இருக்கட்டும். மிரண்ட பிள்ளைகளைத் தனியே அனுப்பவில்லை என்பது மட்டும் உறுதி. ட்ரெப்லிங்கா நச்சுப்புகைக் கொட்டடியிலிருந்து எவரும் திரும்பவில்லை.

அவர் பிறந்த போலந்து 1978-ல் ஐ.நா. சபையிலே குழந்தை உரிமை உடன்படிக்கையை முன்மொழிந்தது. 1989-ல் அது நிறைவேறியது. 1992-ல் இந்தியாவும் ஏற்றது.

ட்ரெப்லிங்காவிலே இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நிற்கின்றன. எழுத்துள்ள கற்களிலே ஊர்ப் பெயர்கள். ஒரே ஒரு கல்லில் மட்டும் ஒரு மனிதரின் பெயர். அதன் கீழே, பிள்ளைகளும் என்று பொறித்திருக்கிறார்கள்.