பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிய தில்லையாடி வள்ளியம்மை: 15 வயதில் சிறை ஏன்?

மணலூர்பேட்டையில் இருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குக் கிளம்புறவர் கையில் ஒரு ஃபைல் இருக்கும். அடையாளத்துக்கு விரல் ரேகை, மனைவியை அழைத்துப்போக திருமணப் பதிவுச் சான்றிதழ், உள்ளே நுழைய விசா. நமக்கு இதெல்லாம் அலையவிடும் பேப்பர் வேலை, அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும்தான் 110 ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்கத் தமிழர்களைத் தெருவுக்கு இழுத்தன. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் உயிரை விட்டவர் தில்லையாடி வள்ளியம்மை.

தமிழர்கள் அங்கே போனது எப்படி?

1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலானோர் சென்னை மாகாணத்துக்காரர்கள். வட ஆற்காடும், மணலூர்பேட்டை பகுதி அன்று இருந்த தென் ஆற்காடும் அதில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அப்பா பெயர், ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டது.

ஒப்பந்தம் இல்லாமல், வியாபாரம் செய்யப் போனவர்களும் உண்டு. வள்ளியம்மையின் அப்பா முனுசாமி முதலியாரும் அம்மா மங்களமும் ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறினார்கள். 1898-ல் வள்ளியம்மை அங்கேதான் பிறந்தார். பெயரோடு ஒட்டியிருக்கும் தில்லையாடி, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் பூர்வீக ஊர்.

முதல் பேப்பர்: கைரேகை

வள்ளியம்மைக்கு எட்டு வயது இருக்கும்போது, 1906-ல், டிரான்ஸ்வால் அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும், போலீஸ் கேட்டால் சான்றிதழைக் காட்ட வேண்டும். காந்தி தலைமையில் எதிர்ப்பு கிளம்பியது. 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வளாகத்தில் ஆயிரக்கணக்கான சான்றிதழ்கள் கொளுத்தப்பட்டன.

இரண்டாவது பேப்பர்: கல்யாணம்

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு தந்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணங்கள் அந்நாட்டுச் சட்டப்படி செல்லாது என்றார். தாலி கட்டி, ஊரைக் கூட்டி நடந்த கல்யாணமும் இதில் அடிபட்டது. மங்களம் போன்ற பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவியே இல்லை. கணவரைத் தேடி இந்தியாவில் இருந்து வருகிறவரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம். அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் போராட்டத்துக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

மூன்றாவது பேப்பர்: எல்லை பெர்மிட்

1910-ல் நான்கு காலனிகளும் சேர்ந்து ஒரே நாடாகிவிட்டன. ஆனாலும் இந்தியர் ஒரு மாகாணத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதி வேண்டும். அந்த நாட்டிலேயே பிறந்த பெண்ணுக்கும் இதே கதைதான். 1913-ல் பெண்கள் வேண்டுமென்றே பெர்மிட் இல்லாமல் டிரான்ஸ்வால் - நேட்டால் எல்லையைக் கடந்தார்கள். அம்மாவோடு வள்ளியம்மையும் சேர்ந்துகொண்டார்.

ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்பது இன்னொரு கொடுமை. ஆரம்பத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி. அந்தக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம் வரிக்கே போய்விடும். பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைப் பேச, அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

டிசம்பரில் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறை. மோசமான சாப்பாடு, கடும் வேலை. காய்ச்சல் பிடித்துக்கொண்டது. முன்கூட்டியே விடுவிக்கச் சிறை நிர்வாகம் முன்வந்தும் அவர் முதலில் மறுத்துவிட்டார். வெளியே வந்தபோது உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். அவர் பிறந்த தேதியும் அதுவே. வயது 16.

என்ன மாறியது?

அதே ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய மதச் சடங்குப்படி நடந்த திருமணத்தில் ஒரு மனைவிக்கு அங்கீகாரம் கிடைத்தது. நேட்டால்வாசி என்பதற்குக் கட்டைவிரல் ரேகையுள்ள சான்றிதழ் காட்டினால், ஆள் அவர்தான் என உறுதியானதும் நுழையும் உரிமையை மறுக்க முடியாது. கட்டுப்படுத்த வந்த ரேகை, உரிமைக்குச் சாட்சியாக மாறியது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மாகாணம் விட்டு மாகாணம் போக இந்தியர்களுக்கு இருந்த தடை 1970-கள் வரை நீடித்தது.

1914 ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன், பிராம்ஃபோன்டைன் மயானத்தில் வள்ளியம்மையின் கல்லறைக் கல்லை காந்தி திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே தில்லையாடிக்கும் வந்தார். 2008-ல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

இன்றைக்கும் கோயிலில் கல்யாணம் முடித்த கையோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள், மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பதிவுச் சான்றிதழைத் தேடுகிறார்கள். தமிழகத்தில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கையில் அந்தத் தாள் இருந்தால் விண்ணப்பிப்பது எளிது. தாள் கொடுக்கவே சட்டம் மறுத்த காலத்தில், வள்ளியம்மை அதற்குத் தன் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது.