வேலவரைத் தேடிய கனத்த குரல்: உடையார்பாளையம் கனம் கிருஷ்ணையர்

 

உறவுகளே, ஒரு தைப்பூசத்தன்னிக்கு செட்டிகுளம் மலை ஏறி, கையில் கரும்போட நிக்கிற நம்ம தண்டாயுதபாணியைக் கண்குளிரப் பார்த்துட்டுப் படியில உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல காலேஜ் பசங்க ரெண்டு பேர். ஒருத்தன் தான் போயிட்டு வந்த இசை நிகழ்ச்சியின் வீடியோவை மத்தவனுக்குக் காட்டிக்கிட்டிருந்தான். போன்ல ஒரே இரைச்சல். நேர்ல கேட்டப்போ உடம்பே சிலிர்த்துச்சு, இதுல அது ஒண்ணுமே வரலையேன்னு அவனுக்கு வருத்தம்.

அப்போ எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். நம்ம அரியலூர்ப் பக்கத்து மண்ணில் பிறந்து, உடையார்பாளையத்தில் புகழோட வாழ்ந்தவர். அவர் குரலைக் கேட்க ராஜாக்களும் ஜமீன்தார்களும் காத்திருந்தாங்க. இன்னைக்கு அந்தக் குரல் ஒரு நொடி கூட எங்கேயும் இல்லை. ஆனா அவர் பாட்டு இருக்கு. அது எப்படி நம்ம வரைக்கும் வந்துச்சுங்கறதுதான் இந்தக் கதை.

அவர் பேர் கனம் கிருஷ்ணையர். பெரியதிருக்குன்றம் என்ற ஊரில் 1790-ல் பிறந்தார். குடும்பமே சங்கீதக் குடும்பம். அந்தக் காலத்தில் பாட்டில் பெரிய ஆளாகணும்னா தஞ்சாவூருக்குத்தான் போகணும். மராட்டிய ராஜாக்களின் தர்பாரில் இடம் கிடைக்கிறது சாதாரண விஷயம் இல்லை. கிருஷ்ணையரும் அங்கே போனார். பைரவி ராகத்து விரிபோணி வர்ணம்னு சங்கீதம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டா உடனே சொல்லுவாங்க. அதை இயற்றின பச்சிமிரியம் ஆதியப்பய்யாதான் இவருக்கு குரு.

சரி, பேருக்கு முன்னாடி இருக்கிற அந்தக் கனம் என்ன? குடும்பப் பேரா? இல்லை. உழைச்சு வாங்கின பேர்.

பழைய காலத்தில் பாடுற முறையைக் கனம், நயம், தேசிகம்னு பிரிச்சுச் சொல்லுவாங்க. நயம்னா இழைஞ்சு குழைஞ்சு பாடுறது. கனம் அப்படி இல்லை. நாபியிலிருந்து குரல் எழும்பணும். மூச்சு நிக்கணும். தானத்தை விரிச்சுப் பாடும்போது மண்டபமே அதிரணும். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. குரல் மட்டும்தான். உடம்பில் வலுவும் மனசில் பிடிவாதமும் இல்லாதவங்க கிட்டயே போக முடியாத வித்தை அது.

ஆந்திர தேசத்துப் பொப்பிலியிலிருந்து கேசவய்யா என்ற வித்துவான் தஞ்சாவூருக்கு வந்தார். கன மார்க்கத்தில் அவர் புலி. சபையில் அவர் பாடினதைக் கேட்டு எல்லாரும் அசந்து போயிட்டாங்க. நம்ம சமஸ்தானத்தில் இதைக் கத்துக்கிட்டுப் பாடக்கூடியவங்க யாராவது உண்டான்னு ராஜாவுக்கு ஆசை வந்தது. பெரிய பெரிய வித்துவான்கள் இருந்த சபை அது. முன்வந்தவர் இளைஞரான கிருஷ்ணையர்.

யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் கத்துக்கிட்ட பாணி நல்லாவே இருக்கு. பேரும் இருக்கு. அதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு, குரலையே புதுசா பழக்கணும். தோத்துப் போனா ஊரே சிரிக்கும். குரல் கெட்டுப் போனா பிழைப்பே போச்சு. இருந்தும் அவர் பின்வாங்கலை. கேசவய்யாவிடம் அந்த மார்க்கத்தின் நுணுக்கங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, கபிஸ்தலத்தில் தங்கிக் கடுமையா சாதகம் பண்ணினார். திரும்பி வந்து பாடினப்போ அந்த வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. அன்னையிலிருந்து வெறும் கிருஷ்ணையர், கனம் கிருஷ்ணையர் ஆனார்.

பிறகு திருவிடைமருதூரில் இருந்த மராட்டிய அரச குடும்பத்தாரின் ஆதரவில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே அவர் பாட்டைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களில் ஒருத்தர் கோபாலகிருஷ்ண பாரதியார். ஆமாம், நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாப் பாடின அதே பாரதியார்தான். ஒரு பெரிய பாடகரைப் பக்கத்தில் இருந்து கேட்கிறது ஒரு மனுஷனுக்குள்ள என்ன விதைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளை அவர் போய்ப் பார்த்ததையும் சங்கீதக்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. அடாணா ராகம்னா கிருஷ்ணையர்தான்னு அப்பவே பேர். சுவாமிகள் முன்னாடி அந்த அடாணாவில் சுகத்தைப் பத்தி ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினாராம். சும்மா இருந்தா சுகம் வந்துடாதுங்கறது அதோட சாரம். அவர் வாழ்க்கைக்கே பொருந்துற பாட்டு இல்லையா?

கடைசியில் அவர் நிலைச்சது நம்ம ஊரில்தான். உடையார்பாளையம் ஜமீனில் ஆஸ்தான வித்துவான். இன்னைக்கு அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் கடந்து போற அதே உடையார்பாளையம்தான். பயறணீசுவரர் கோயில் இருக்கே, அந்த ஊர். அங்கே இருந்து அவர் நிறையப் பதங்கள் பாடினார். பதம்னா நாயகனை நினைச்சு நாயகி உருகுற பாட்டு. தன்னை ஆதரிச்ச ஜமீன்தாரையே நாயகனா வெச்சும் பாடியிருக்கார். சாமியை நாயகனா வெச்சும் பாடியிருக்கார். திருவொற்றியூர்த் தியாகேசர் மேல அடாணாவில் அவர் பாடின பதம் ரசிகர்கள் மத்தியில் ரொம்பப் பிரசித்தம்.

நம்ம முருகன் மேலயும் ஒண்ணு உண்டு. பைரவி ராகத்தில் வேலவரே என்று தொடங்குற பதம். அவரைத் தேடி ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று வேலவரிடமே போய்ச் சொல்லுற பாட்டு. இதில் வரம் கேட்கிறது கிடையாது, கணக்குப் பேசுறது கிடையாது. தேடி வந்தேன், அவ்வளவுதான். நாம படி ஏறும்போது மனசுக்குள்ள இருக்கிறதும் அதானே உறவுகளே? குரு இயற்றின வர்ணமும் பைரவி, சிஷ்யன் வேலவரைத் தேடினதும் பைரவி. கேட்கும்போது இதையும் நினைச்சுக்குங்க.

1854-ல் கிருஷ்ணையர் மறைந்தார். எடிசன் ஒலியைப் பதிவு பண்ணுற கருவியைக் கண்டுபிடிச்சது 1877-ல். நம்ம நாட்டில் கிராமபோன் பதிவு தொடங்கினது 1902-ல். அந்தக் கனத்த குரல் காற்றோட போயிடுச்சு. யாராலும் திரும்பக் கொண்டு வர முடியாது.

ஆனா அவரைக் கேட்டவங்க இருந்தாங்க. வேங்கடசுப்பையர் என்ற உறவுக்காரப் பையன் உடையார்பாளையத்தில் அவர் கூடவே பல வருஷம் இருந்து, பணிவிடை செய்து பாட்டுக் கத்துக்கிட்டார். பிறகு அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னம்னு குடும்பத்தோட ஊர் ஊராப் போய்ப் பாடியும் கதை சொல்லியும் பிழைச்சார். பெரிய வசதி கிடையாது. ஆனா குருவின் பாட்டை மட்டும் விடலை. அந்த வேங்கடசுப்பையரின் மகன் யார் தெரியுமா? நம்ம தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்!

உ.வே.சா. பிறந்தது 1855-ல். கிருஷ்ணையர் மறைந்த மறு வருஷம். ஒரு தடவை கூட அவர் குரலைக் கேட்கக் கொடுத்து வைக்கலை. அப்பா பாடக் கேட்டார், பெரியவங்க சொல்லக் கேட்டார். வாலிபத்தில் மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே கொஞ்ச நாள் சங்கீதமும் படிச்சார். கேட்டது எதையும் மறக்கலை. 1936-ல், எண்பது வயசைத் தாண்டின பிறகு, கனம் கிருஷ்ணையரின் வரலாற்றை ஒரு புத்தகமா எழுதி, கிடைச்ச பாட்டுகளையும் அதில் சேர்த்துக் கொடுத்தார். தான் கேட்காத குரலுக்கு அவர் செய்த மரியாதை அது.

அரசவை போச்சு, ஜமீன் போச்சு, குரலும் போச்சு. வேலவரைத் தேடி வந்த அந்தப் பெண் மட்டும் இன்னும் பாட்டில் வந்துக்கிட்டே இருக்கா. தேடினவரை முருகன் விட்டுடலை பாருங்க.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை கோயில் திருவிழாவிலோ மேடையிலோ யாராவது மனசு உருகிப் பாடும்போது, ஒரு பாட்டுக்காவது போனைப் பைக்குள்ள வெச்சுட்டுக் கேளுங்க. வீட்டுக்கு வந்து தம்பி தங்கச்சிக்கு அதைப் பாடிக் காட்டுங்க. சுருதி சேரலைன்னாலும் பரவாயில்லை. உடையார்பாளையத்துப் பாட்டு நம்ம வரைக்கும் வந்ததே அப்படித்தான்.

இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி வேலவரே பதத்தைத் தேடிக் கேளுங்க. கேட்டுட்டு அரியலூர், பெரம்பலூர் சொந்தங்களுக்கு அனுப்புங்க. நம்ம ஊர்க்காரர்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!