அறுவைக்குப் பின் தொடங்கும் மருத்துவம்

1950-களின் நடுப்பகுதி. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைச் சீராக்கிக்கொள்ள, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருந்தனர். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வந்த மருத்துவர் நடந்து வரவில்லை; சக்கர நாற்காலியில் வந்தார். முகத்தில் ஆழ்ந்த தழும்பு. கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தங்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் தங்கள் கைகளுக்கு உயிரூட்ட வந்திருப்பதை அந்த நோயாளிகள் கண்டனர். அவர்தான் மருத்துவர் மேரி வர்கீஸ்.

தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக அவரது வாழ்க்கை அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. அது தகும். ஆயினும், அவர் விட்டுச்சென்ற மருத்துவப் பாடம் ஒன்று அந்த வியப்பின் நிழலில் மறைந்துபோகிறது. அறுவைச் சிகிச்சையுடன் மருத்துவம் முடிவதில்லை. அசைவை மீட்டுத்தருவது தனிக்கலை. அக்கலையைக் கற்க நோயாளியின் படுக்கையருகே நீண்ட பயிற்சி வேண்டும் என்பதே அப்பாடம்.

கொச்சிக்கு அருகேயுள்ள செராயியில் வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925-இல் மேரி பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1940-களின் பிற்பகுதியில் மருத்துவம் பயில வேலூருக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை, அதற்குள் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. பட்டம் பெற்ற மேரிக்கு மகளிர் மருத்துவத்தில் நாட்டம். அத்துறையில் உயர்பயிற்சி பெற வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். அவர்கள் சென்ற வாகனம் கவிழ்ந்தது. பலர் காயமுற்றனர், மேரியின் காயம் மிகக் கடுமையானது. முகம் சிதைந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடக் காயமுற்றவர்கள் நெடுநாள் வாழ்வது அரிதாக இருந்த காலம் அது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காயம் அன்று. அதன் பின்விளைவுகளான படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. உணர்விழந்த உடலுக்கு, ஒரே பக்கமாகக் கிடப்பதன் வலி தெரியாது. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிவிட வேண்டும். இறுகிப்போகாதபடி மூட்டுகளை நாள்தோறும் அசைத்துக்கொடுக்க வேண்டும். உடலின் எடையைத் தாங்கும் அளவுக்குக் கைகளை வலுப்படுத்த வேண்டும். இத்தனைக்கும் பயிற்சி பெற்றவர்கள் அப்போது நம் நாட்டில் மிகச் சிலரே இருந்தனர். நோயாளியாகக் கிடந்த நிலையில்தான் இந்த வெற்றிடத்தின் ஆழத்தை மேரி அறிந்தார்.

அவரை மீண்டும் மருத்துவராக்கியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அந்த ஆங்கிலேய எலும்பியல் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூரில் பணியேற்றவர். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்த முடியும் என்று நிறுவிக்கொண்டிருந்தார். கை அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். மேரி இழந்தவை கால்கள். கைகளும் அறிவும் அவரிடம் அப்படியே இருந்தன. பிராண்டின் வழிகாட்டுதலில் அவர் அறுவை அரங்கிற்குத் திரும்பினார்.

அந்த அறுவைச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதை அறிந்தால்தான் அடுத்து வருவது விளங்கும். தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் மடங்குகின்றன. பாதிக்கப்படாத வேறொரு தசையின் நாணை எடுத்து, விரல்களை இயக்கும் இடத்தில் பொருத்துவர். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்தபின் கை வெளிவரும். ஆனால், அந்தத் தசைக்குத் தன் புதிய வேலை தெரியாது. மணிக்கட்டை உயர்த்திப் பழகிய தசை இப்போது விரலைச் சீராக்க வேண்டும். மூளையும் தசையும் அதைப் புதிதாகக் கற்றாக வேண்டும். உணர்விழந்த கையாதலால் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்றாக வேண்டும்.

அதைக் கற்பிப்பவர் இயன்முறை சிகிச்சையாளர். அவரது வேலை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இறுகிய மூட்டுகளை மெழுகு ஒத்தடத்தாலும் பயிற்சியாலும் தளர்த்தினால்தான் அறுவையே பயன் தரும். எந்தத் தசையைத் தனியே இயக்க நோயாளிக்கு இயலும் என்பதை அவர் கண்டறிய வேண்டும். பிராண்டின் குழுவில் இப்பொறுப்பை ரூத் தாமஸ் என்ற இயன்முறை சிகிச்சையாளர் ஏற்றிருந்தார். கத்தியின் வெற்றி தோல்வி அதன்பின் வரும் பயிற்சியாளரின் கையில் இருப்பதை மேரி அருகிருந்து பார்த்தார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள மறுவாழ்வு மையத்தில் நோயாளியாகச் சேர்ந்தார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்வது போன்றவற்றில் அங்கே முறையான பயிற்சி பெற்றார். பிறர் தூக்கிவிட்ட நிலை மாறி, தானே இயங்கும் நிலை வந்தது. தனக்குக் கிடைத்தது தன் நாட்டில் பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்ற முடிவு அவரை நியூயார்க்குக்கு இட்டுச்சென்றது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த ஹோவர்டு ரஸ்க், அங்கே அத்துறைக்கென ஒரு நிறுவனத்தை நடத்திவந்தார். அங்கு மேரி பெற்றது வகுப்பறைப் படிப்பு மட்டுமன்று. நோயாளிகளைப் பொறுப்பேற்றுக் கவனித்துக்கொண்டே மூத்தவர்களிடம் கற்கும் உறைவிடப் பயிற்சி. மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், செயல்முறை சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரும் ஒரே நோயாளியைச் சுற்றி ஒரு குழுவாக இயங்கும் முறையை அங்கே அவர் கற்றார்.

1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து, உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி அளிக்கும் இத்தகைய நிறுவனம் நாட்டில் அதுவே முதலாவது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களும் அங்கே வந்தனர். சக்கர நாற்காலியிலேயே வலம்வந்த மருத்துவர், செய்துகாட்டியே அவர்களுக்குக் கற்பித்தார். 1972-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986 டிசம்பரில் அவர் மறைந்தார். காயமுற்றபின் 32 ஆண்டுகள் வாழ்ந்து உழைத்ததே, மறுவாழ்வு மருத்துவத்தின் ஆற்றலுக்கு அவர் அளித்த சான்று.

இந்த வரலாற்றை இன்று நினைக்கக் காரணம் உண்டு. வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் ஆம்பூர், அதற்கு அப்பால் வாணியம்பாடி, மறுதிசையில் ராணிப்பேட்டை. உலகின் பல நாடுகளுக்குக் காலணிகளை அனுப்பும் தோல் தொழில் பகுதி இது. காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்களின் முன் நாள் முழுதும் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோல் பதனிடும் இடங்களில் ஈரத் தோல்களின் சுமையை ஆண்கள் தூக்கிப் புரட்டுகின்றனர். ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யும் மணிக்கட்டும், நிமிர இடமில்லாத கழுத்தும், சுமை தாங்கும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும்.

அந்த வலிக்கு வழக்கமாகக் கிடைப்பது மாத்திரையும் ஊசியுமே. வலி குறைந்ததும் தொழிலாளி அதே இருக்கைக்குத் திரும்புகிறார், வலியும் திரும்புகிறது. அவருக்குத் தேவைப்படுபவர், வலி மூட்டில் எழுகிறதா, தசைநாணில் எழுகிறதா, கழுத்து நரம்பிலிருந்து இறங்குகிறதா என்று கையால் ஆய்ந்தறியும் இயன்முறை சிகிச்சையாளர். அவரது இருக்கையின் உயரத்தையும் வேலையின் அசைவையும் கேட்டறிந்து பயிற்சியை வகுப்பவர். ஆபத்தான அறிகுறி தென்பட்டால் தாமதமின்றி எலும்பியல் மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவர். இந்தத் திறன் நான்கு சுவர்களுக்குள் பாடம் கேட்பதால் மட்டும் வருவதில்லை.

எலும்பியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் மருத்துவர், மூன்றாண்டுகள் மருத்துவமனையிலேயே உறைந்து, உதவித்தொகை பெற்று, நோயாளிகளின் நடுவே கற்கிறார். இயன்முறை சிகிச்சையாளருக்கும் எலும்பியலில் முதுநிலைப் படிப்பு நம்மிடம் உண்டு. ஆனால், பெரிய மருத்துவமனையுடன் இணைந்த கல்லூரியில் பயில்பவர் காணும் நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் மற்றவருக்கு வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் பட்டம் பெற்ற இயன்முறை சிகிச்சையாளர்கள், மூத்த வல்லுநரின் நேரடிக் கண்காணிப்பில் நோயாளிகளைக் கவனித்தபடியே எலும்பியல் உறைவிடப் பயிற்சி பெறத் தனி ஏற்பாடு உள்ளது. அத்தகைய ஏற்பாடு இங்கும் பரவலாக வேண்டும்.

அதற்கான அடித்தளம் ஓரளவு அமைந்திருக்கிறது. இயன்முறை சிகிச்சை உள்ளிட்ட துறைகளின் கல்வியை முறைப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, தேசிய ஆணையம் அமைய வழிசெய்தது. அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சை வீடு தேடிச் செல்கிறது. வீடு தேடிச் செல்பவருக்கு உடன் நின்று ஆலோசனை கூற அங்கே எவரும் இல்லை. எனவே அவரது பயிற்சி இன்னும் ஆழமாக இருக்க வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைகள் ஆகியவற்றில் எலும்பியல் உறைவிடப் பயிற்சி இடங்களை உருவாக்கலாம். உதவித்தொகையும் மூத்த பயிற்றுநரும் இல்லாமல் அது நடவாது. உதவித்தொகை இல்லையேல், பயிற்சியாளர் குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்யும் கூலியாளாகிவிடுவார். தொழிற்சாலைகளை நேரில் கண்டு வேலையின் அசைவுகளை ஆய்வதும் அப்பயிற்சியின் பகுதியாக வேண்டும். காலணி ஏற்றுமதியால் பயனடையும் நிறுவனங்கள் செலவில் பங்கேற்பது நியாயமே.

செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிறுவனம் எழுந்தபோது இந்தியா வளமான நாடாக இருக்கவில்லை. தேவையைத் தன் உடலால் உணர்ந்த ஒருவரின் உறுதியே அதை எழுப்பியது.

இன்று அந்த நிறுவனம் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், நிமிர முடியாத கழுத்துடன் ஒரு பெண் அடுத்த காலணியைத் தைக்க எடுக்கிறார். அவரது கழுத்தைத் தொட்டறிந்து தீர்வு சொல்லத் தெரிந்த கைகளை உருவாக்குவதே மேரி வர்கீஸுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி.