மைக்கேல் பாரடே

இலண்டன் மாநகரையடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில் 1791 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் மைக்கேல் பாரடே பிறந்தார். தந்தையார் கொல்லர், நோயால் நலிந்தவர். வறுமை குடும்பத்தை வாட்டியது. எழுதப் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்ற அளவில் மைந்தரது பள்ளிப்படிப்பு முடிவுற்றது. பதினான்காம் அகவையில் அவர் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் நூற்கட்டுத் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது, கற்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றி அமைந்த கட்டுரை அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்தது.

அக்காலத்தில் சர் ஹம்ப்ரி டேவி என்னும் பேரறிஞர், இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் சொற்பொழிவு ஆற்றி வந்தார். 1812 இல் அவற்றுள் நான்கினைக் கேட்கும் வாய்ப்புப் பாரடேக்குக் கிட்டியது. கேட்டவற்றை விரித்தெழுதி, படங்களும் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழிலும் வீண்போகவில்லை! அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நிலையத்தில் உதவியாளர் பதவி அவருக்குக் கிடைத்தது.

மின்னோட்டமுள்ள கம்பியின் அருகே காந்த ஊசி விலகுகிறது என்பதை 1820 இல் டென்மார்க்கு நாட்டு ஆர்ஸ்டெட் கண்டறிந்தார். அவ்வாறாயின் காந்தம் கம்பியைச் சுழற்றுமோ என்று வொல்லாஸ்டன் என்னும் முதுபெரும் அறிஞர் எண்ணினார். கம்பி தன் அச்சிலேயே சுழலும் என்பது அவர் கருத்து. டேவியும் அவரும் முயன்றனர், பலன் காணவில்லை.

1821 செப்டம்பரில் பாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, அதன் நடுவே காந்தம் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தில் தோய்ந்திருந்தது. மின்கலத்தின் ஒரு முனையைக் கம்பியோடும் மற்றொன்றைப் பாதரசத்தோடும் இணைத்தவுடன், கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரலாயிற்று. கம்பியின்மேல் எழும் விசை அதனைக் காந்தத்தை நோக்கி இழுப்பதுமன்று, விலக்குவதுமன்று, பக்கவாட்டில் உந்துவது. ஆதலின் கம்பிக்கு ஓய்வில்லை. மின்மோட்டாரின் கருவே இது. இக்கால மோட்டாரில் ஒற்றைக் கம்பிக்கு ஈடாக, இரும்பு உள்ளகத்தின்மேல் பல சுற்றுக் கம்பிச்சுருள் அமைந்திருக்கும். நேர்மின்னோட்ட மோட்டாரில், சுருள் பாதி சுற்றியதும் மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தருதற்குத் திசைமாற்றி என்னும் உறுப்பு உண்டு; அஃதில்லையேல் சுருள் ஓரிடத்தில் நின்றுவிடும்.

பாரடே தம் முடிவை விரைந்து வெளியிட்டார். வொல்லாஸ்டனின் பெயரைக் குறித்தாரில்லை. உடனே பிறர் கருத்தைக் கவர்ந்துகொண்டார் என்னும் பழி எழுந்தது. கொல்லர் மகனாய், உதவியாளராய் இருந்த ஒருவரது வாழ்வையே அழிக்கத்தக்க பழி அது. பாரடே ஒளிந்திலர்; வொல்லாஸ்டனிடமே சென்று உண்மையை விளக்கினார். அச்சிற் சுழல்வது வேறு, காந்தத்தைச் சுற்றி வருவது வேறு என்பதை அப்பெரியார் உணர்ந்தார். பின்னர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகப் பாரடேயை முன்மொழிந்தவர்களுள் அவரும் ஒருவர். எதிர்த்தவரோ, அக்கழகத்தின் தலைவராக விளங்கிய டேவி! 1824 இல் ஒரே ஒரு வாக்கு எதிராக விழப் பாரடே தேர்ந்தெடுக்கப் பெற்றார். எனினும் டேவியைத் தம் ஆசிரியராகவே அவர் போற்றி வந்தார்.

மின்சாரம் இயக்கத்தைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தாராதோ? 1831 ஆகஸ்டு 29 ஆம் நாள், ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் இருபுறமும் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி அவர் ஆராய்ந்தார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்திய நொடியில், மற்றதனோடு தொடர்புற்ற ஊசி அசைந்து அடங்கிற்று. நிறுத்திய நொடியில் எதிர்ப்புறம் அசைந்தது. இடையில் அசைவே இல்லை. மாற்றமே மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது என்பது புலனாயிற்று. அக்டோபர் 28 இல், பெரிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றி, அச்சினையும் விளிம்பினையும் கம்பியால் தொட்டு, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். மின்னாக்கி என்னும் டைனமோ இதிலிருந்து தோன்றியதே. மறு ஆண்டிலேயே பாரிஸ் நகரத்துப் பிக்சி என்பவர், கம்பிச்சுருள்களின் எதிரே காந்தத்தைக் கையால் சுழற்றும் பொறியொன்றைச் செய்தார்.

1858 இல் டோவர்க் கடற்கரையை அடுத்த தென் போர்லாந்துக் கலங்கரை விளக்கத்தில், நீராவியால் சுழன்ற மின்னாக்கி ஒளி தந்தது. 1860 பிப்ரவரியில் அதனைப் பார்வையிடப் பாரடே சென்றார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஒருமுறை திரும்பியவர் மீண்டும் சென்று, வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து, விளக்கினை அடைந்து ஆராய்ந்தார்.

1867 ஆகஸ்டு 25 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். இலண்டன் ஹைகேட் இடுகாட்டில் உள்ள அவரது கல்லில் பெயரும், பிறந்த நாளும், மறைந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.