ராணி அணிந்த வைரப் பூ... பின்னால் ஒரு பிடிவாதக்காரரின் கதை!

1981-ல் இளவரசர் சார்லஸ் - டயானா கல்யாணத்துக்கு வந்த இரண்டாம் எலிசபெத் ராணியின் உடையில் ஒரு பூ ப்ரூச் மின்னியது. இதழ், தண்டு, இலை எல்லாமே வெள்ளை வைரம். நடுவில் மட்டும் ஒரு ரோஸ் நிறக் கல். அந்தக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஜான் வில்லியம்சன், 1907-ல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்து டாக்டர் பட்டமும் வாங்கினார். அப்புறம் ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார்.

அன்றைய டாங்கனிகாவில், அதாவது இன்றைய தான்சானியாவில், அவர் வேலை பார்த்த கம்பெனி வைரம் தேடுவதையே கைவிட்டது. ஆனா, வில்லியம்சன் விடலை. கையில் காசு இல்லை. மலேரியா வேறு படுத்தி எடுத்தது. துணைக்கு நின்றவர் முவான்சா நகரில் இருந்த இந்திய வக்கீல் சோப்ரா. பின்னாளில் சுரங்கத்தில் அவரும் பங்குதாரர் ஆனார்.

1940-ல் முவாடுயி என்ற இடத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. பூமியின் ஆழத்திலிருந்து வைரத்தை மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் பாறை, சுமார் 146 ஹெக்டேர் பரப்பில் அங்கே விரிந்து கிடந்தது. உலகின் மிகப் பெரிய வைரப் பாறைகளில் அதுவும் ஒன்று!

1947-ல் அங்கே கிடைத்ததுதான் அந்த ரோஸ் கல். எடை 54.5 காரட். அதை விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்! வில்லியம்சனோ, இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். லண்டனில் பட்டை தீட்டியபோது, பாட்டி மேரி ராணியுடன் எலிசபெத்தே பட்டறைக்கு நேரில் வந்து பார்த்தார். பாதிக்கு மேல் தேய்ந்து, கடைசியில் மிஞ்சியது 23.6 காரட்.

1953-ல் லண்டன் கார்ட்டியே நிறுவனத்தின் டிசைனர் ஃபிரெடெரிக் மியூ, அந்தக் கல்லை ஜான்குவில் பூவின் நடுவில் வைத்து ப்ரூச் வடிவமைத்தார். சுற்றிலும் 200-க்கும் மேற்பட்ட வெள்ளை வைரங்கள். நம்ம ஊர்ப் பெண்களுக்கு வைர மூக்குத்தி மாதிரி, ராணிக்கு இது ரொம்பப் பிடித்த நகையாகிவிட்டது.

வில்லியம்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முவாடுயியிலேயே தங்கி, தொழிலாளர்களுக்கு வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு ஒரு ஊரையே உருவாக்கினார். வைர வியாபாரத்தையே கையில் வைத்திருந்த டீ பியர்ஸ் கம்பெனிக்கு, உயிரோடு இருந்தவரை சுரங்கத்தை விற்கவும் இல்லை. தொண்டைப் புற்றுநோயால் 1958 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 50தான். அதே வருடம் சுரங்கத்தை டீ பியர்ஸும் டாங்கனிகா அரசும் சேர்ந்து வாங்கிக்கொண்டன.

சொத்து கை மாறிவிட்டது. ஆனா, காசு வாங்காமல் கொடுத்த அந்தக் கல்லை மட்டும் இன்னிக்கும் 'வில்லியம்சன் ரோஸ் வைரம்'னுதான் உலகம் சொல்லுது!